வேலையை விடாமல் படித்த டாக்டர் பட்டம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீங்க அமெரிக்காவுல வேலை பார்த்துக்கிட்டே, வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே டாக்டர் பட்டம் வாங்கினீங்களே, அதைப் பத்திப் பசங்களுக்குக் கொஞ்சம் பேசுங்க" என்றார். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அந்தப் படிப்பைப் பற்றிப் பேசினால் நான் செய்த ஒரு தவறையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். அதுவும் எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது! கடைசியில், பேசத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதலில் இது என்ன பட்டம் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 'டாக்டர் பட்டம்' என்றால் ஒன்று எம்.பி.பி.எஸ்., இல்லாவிட்டால் ஆராய்ச்சி செய்து வாங்கும் முனைவர் பட்டம். இது இரண்டும் இல்லை. 'டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி', சுருக்கமாக டி.பி.டி. இது தொழில்முறைப் பட்டம். நாம் பிசியோதெரபி என்று சொல்வதைத்தான் அங்கே பிசிகல் தெரபி என்கிறார்கள்.

முதல் உலகப்போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களை நடக்க வைத்த பெண்களிடமிருந்து அங்கே இந்தத் தொழில் வளர்ந்தது. 1921-ல் மேரி மெக்மில்லன் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பிறகு சான்றிதழ் படிப்பு, இளநிலை, முதுநிலை என்று படிப்பு ஒவ்வொரு படியாக ஏறியது. 1993-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரிலுள்ள கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் தொழிலுக்குள் நுழையும் படிப்பையே டி.பி.டி. ஆக்கியது. 2000-ல் அமெரிக்கச் சங்கம், 2020-க்குள் இந்தச் சிகிச்சையை அளிப்பவர்கள் டி.பி.டி. படித்தவர்களாக இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தது. 2016 தொடக்கத்திலிருந்து அங்கே அங்கீகாரம் பெற்ற நுழைவுப் படிப்பு எல்லாமே டி.பி.டி.தான்.

அப்படியானால் அதற்கு முன்பே இளநிலையோ முதுநிலையோ முடித்து, லைசென்ஸ் வாங்கி, பத்து வருஷம் இருபது வருஷம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காகப் போட்ட பாலம்தான் 'டிரான்சிஷனல்' டி.பி.டி. பகலில் வேலை, இரவில் பாடம். பெரும்பகுதி கம்ப்யூட்டர் வழியாக. சில இடங்களில் செய்முறைக்காக ஓரிரு முறை கல்லூரிக்கு நேரில் போகணும். ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பழைய படிப்புக்கும் புதிய படிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் நிரப்புகிறார்கள். மருந்தியல், எக்ஸ்ரே மற்றும் எம்.ஆர்.ஐ. பற்றிய அறிவு, இது நம் கைக்கு உட்பட்ட நோய்தானா என்று சலித்துப் பார்க்கும் முறை, ஆய்வுக் கட்டுரைகளை எடை போடும் முறை. முக்கியமானவை இவைதான்.

ஏன் குறிப்பாக இந்தப் பாடங்கள்? காரணம் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளி நேராக நம்மிடம் வரலாம் என்ற வழி 1957-ல் நெப்ராஸ்காவில் தொடங்கி, 2015-க்குள் ஏதாவது ஒரு வடிவத்தில் 50 மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. கட்டுப்பாடுகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் நோயாளியை முதலில் பார்ப்பவர் நாம்தான் என்று ஆனபிறகு, எதைக் குணப்படுத்துவது என்பதோடு எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் இந்தக் காரணத்துக்காகவெல்லாம் சேரவில்லை. வீம்பில் சேர்ந்தேன். எங்கள் கிளினிக்கில் புதிதாக வந்த சின்னப் பெண், நான் வேலை சொல்லிக் கொடுத்தவள், சட்டையில் டி.பி.டி. என்று போட்ட பேட்ஜ் குத்தியிருந்தாள். என் பேட்ஜில் பி.டி. மட்டும்தான். ஒரு நோயாளி இரண்டு பேட்ஜையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவங்க உங்களுக்கு மேலதிகாரியா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரியே விண்ணப்பம் போட்டேன். அது 2008.

மூன்றாவது வாரம். சலித்துப் பார்க்கும் பாடம். மணி பதினொன்றரை இருக்கும். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். முதுகுவலி என்று வருபவர்களில் மிகச் சிலருக்கு அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம், அதை எப்படிச் சந்தேகிப்பது என்று படித்துக்கொண்டிருந்தேன். முன்பு புற்றுநோய் வந்தவரா? வயது ஐம்பதுக்கு மேலா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? ஒரு மாதம் சிகிச்சை செய்தும் குறையவில்லையா? படுத்தாலும் வலி விடவில்லையா? தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பல பெரிதாக எதையும் காட்டாது. முன்பு புற்றுநோய் வந்தவர் என்பதுதான் கனமான கேள்வி. ஆனால் சேர்த்துப் பார்த்தால் கை நிற்க வேண்டும் என்று இருந்தது.

அந்தப் பட்டியலை நான் இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு மனிதரின் முகம் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்தவர். அறுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்ற லாரி டிரைவர். சீட்டில் 'இடுப்புத் தசைப் பிடிப்பு' என்று எழுதியிருந்தது. நான் ஒத்தடம் கொடுத்தேன், அல்ட்ராசவுண்ட் வைத்தேன், டிராக்ஷன் போட்டேன். ஆறு வாரம். அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "பேன்ட் எல்லாம் லூசாயிடுச்சு, உன் உடற்பயிற்சி நல்லா வேலை செய்யுது" என்றார். நானும் சிரித்தேன். இன்னொரு நாள், ராத்திரி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குகிறேன் என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன். எழுதிவிட்டு மறுபடியும் ஒத்தடம் கொடுத்தேன். அதன்பிறகு அவர் வரவில்லை. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது என்று சில மாதம் கழித்து அவர் மகள் வந்து சொன்னார். என்னைக் குறை சொல்ல வரவில்லை. அப்பாவை அன்பாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல வந்தார்.

நண்பர்களே, அந்த நன்றி என்னை ஐந்து வருஷம் ஒன்றும் செய்யவில்லை. பாவம், நல்ல மனிதர் என்று நினைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சீட்டில் எழுதியதைச் செய்தோம், நம் மேல் என்ன தவறு என்ற நினைப்பு. அந்த ராத்திரிதான் அது உறைத்தது. ஆறு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? பரவிய நோய், பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு வாரம் வலியோடு நாற்காலியில் தூங்கியிருக்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கைந்துதான். மருத்துவ மொழிகூடத் தேவையில்லை. அவர் பதிலைத் தானாகவே சொன்னார். அது பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பேட்ஜை மறந்துவிட்டேன். படிப்பைப் படிப்பாகப் படித்தேன்.

எப்படி நடக்கும் என்று தம்பிகள் கேட்பார்கள். சொல்கிறேன். வாரத்துக்கு இவ்வளவு பக்கம் படிக்கணும், கட்டுரைகள் நாலைந்து. உங்களிடம் வரும் நோயாளி ஒருவரை, பெயர் சொல்லாமல், எடுத்துக்கொண்டு எழுதணும். ஞாயிறு நள்ளிரவுக்குள் அனுப்பணும். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்! எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எழுதிப் பார்த்தபோதுதான் புத்தகத்தில் விடை இல்லை என்று தெரிந்தது. இந்த நோயாளிக்கு ஏன் இதைச் செய்தாய், வேறு எதைச் செய்திருக்கலாம், எதை வைத்து முடிவு செய்தாய்? கேள்வி அப்படித்தான் வரும். மனப்பாடத்தில் மாவட்ட முதல்வனாக இருந்தாலும் பயனில்லை.

இதில் நமக்கு ஒரு கசப்பான பாடமும் உண்டு. நான் படித்துக்கொண்டிருந்தபோதே, 2010 ஜூலையில், அமெரிக்க லைசென்ஸ் தேர்வை இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நான்கு நாட்டுப் பட்டதாரிகளுக்கு நிறுத்தி வைத்தார்கள். தேர்வுக் கேள்விகளை நினைவில் வைத்துக்கொண்டு வந்து பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பிறகு 2011-ல் இந்த நான்கு நாட்டவர்க்கு மட்டும் தனித் தேர்வு வைத்தார்கள். ஒழுங்காகப் படித்துக் காத்திருந்த எத்தனையோ பிள்ளைகள் அதில் மாட்டிக்கொண்டார்கள். அது நியாயமா என்று வாதாடலாம். ஆனால் கேள்வியைத் தெரிந்துகொண்டால் தொழில் தெரிந்துவிட்டது என்ற பழக்கம் நம்மிடம் இருந்ததா இல்லையா? இருந்தது. என்னிடமும் இருந்தது.

நான் எழுதிய முதல் பெரிய கட்டுரை அல்ட்ராசவுண்ட் பற்றி. நம் கல்லூரியில் அந்த மெஷினுக்கு எவ்வளவு மரியாதை என்று உங்களுக்கே தெரியும். நான் பெருமையாக, தோள்வலிக்கு இது நல்ல பலன் தரும் என்று எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இதை உங்களுக்கு யார் சொன்னது? கோபம் வந்தது. பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆதாரம் தேடிப் போனேன். 2001-ல் ராபர்ட்சன், பேக்கர் என்ற இருவர் அதுவரை வந்த சோதனைகளை எல்லாம் சலித்து எழுதிய கட்டுரை கிடைத்தது. தரத்தில் தேறியவை 10 சோதனைகள்தான். வலியைக் குறைப்பதிலும் திசுவை ஆற்றுவதிலும் மெஷினை 'ஆன்' செய்ததற்கும் 'ஆன்' செய்யாமல் சும்மா தேய்த்ததற்கும் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் மிகக் குறைவு என்பது அவர்கள் முடிவு. நான் பார்த்தது என்ன? நோயாளி நாளடைவில் தேறியதை. மெஷினால்தான் தேறினார் என்று நானாக முடிச்சுப் போட்டுவிட்டேன்.

பின்னால், 2014-ல், அமெரிக்கச் சங்கமே ஐந்து விஷயங்களை யோசிக்காமல் செய்யாதீர்கள் என்று பட்டியல் போட்டது. நோயாளி தானே இயங்குவதற்கு உதவினால் ஒழிய ஒத்தடம், மெஷின் வகையறா வேண்டாம் என்பது அதில் ஒன்று. வயதானவர்களுக்கு ஒப்புக்குச் சின்ன எடையைக் கொடுத்துப் பயிற்சி என்று சொல்லாதீர்கள் என்பது இன்னொன்று. ஆதாரம் என்றால் கட்டுரை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1996-ல் சாக்கெட் முதலானவர்கள் விளக்கியபடி, நல்ல ஆய்வு, நம் அனுபவம், நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர வேண்டும். நம்மிடம் நடுவில் இருப்பது மட்டும்தான் இருந்தது. அதை வைத்தே குடும்பம் நடத்திவிட்டோம்.

சரி, வேலை பார்த்துக்கொண்டே படிப்பதில் என்ன லாபம்? ராத்திரி படித்தது மறுநாள் காலையில் எதிரே வந்து உட்காரும். அதுதான் லாபம். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு ஏறாது, அதை நம்பி உடற்பயிற்சியைக் கூட்டாதே, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று போர்க் அளவுகோலில் அவரையே சொல்லச் சொல் என்று செவ்வாய்க்கிழமை படித்தேன். புதன்கிழமை அப்படி ஒரு பெரியவர் வந்தார்.

இன்னொரு அம்மா. முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்றாவது வாரம். கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். முன்பாக இருந்தால், "ஆபரேஷன் ஆன கால், வலிக்கத்தான் செய்யும்" என்று நீவி விட்டிருப்பேன். அன்றைக்கு டேப்பை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே தெரியும் எலும்பு முண்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி இரண்டு காலையும் அளந்தேன். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல். அழுத்தினால் குழி விழுகிறது, சிரை ஓடும் வழியில் தொட்டால் வலி, சமீபத்தில் பெரிய அறுவை. வெல்ஸ் என்பவர் வகுத்த புள்ளிக் கணக்கில் கூட்டினால் நான்கு. அறுவை செய்த கால் வீங்கத்தான் செய்யும் என்று இரண்டைக் கழித்தாலும் விட்டுவிடக்கூடிய கணக்கு அல்ல. டாக்டருக்குப் போன் செய்தேன். 'கால் கொஞ்சம் வீங்கியிருக்கு சார்' என்று இழுக்கவில்லை. அளவைச் சொன்னேன், புள்ளியைச் சொன்னேன். "உடனே அனுப்புங்க" என்றார். அன்று மாலையே ஸ்கேன். ஆழத்துச் சிரையில் ரத்தக்கட்டு. மருந்து கொடுத்தார்கள். அந்த அம்மா இரண்டு வாரம் கழித்துக் கையில் கேக்கோடு நடந்து வந்தார்.

அந்த லாரி டிரைவர் கணக்கு இதனால் தீர்ந்ததா? தீரவில்லை. அதைத் தீர்க்க முடியாது. ஆனால் அவர் கற்றுத் தந்தது இந்த அம்மாவுக்கு உதவியது.

குறைகளையும் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரதாரன் ஆகிவிடுவேன். கையால் செய்யும் வேலையை கம்ப்யூட்டர் சொல்லித் தராது. கழுத்து மூட்டை அசைத்துப் பார்க்கும் முறையை வீடியோவில் இருபது தடவை பார்த்தேன். நேரில் போன இரண்டு நாளில் ஓர் ஆசிரியர் என் கைமேல் தன் கையை வைத்து, "இவ்வளவுதான், இதுக்கு மேல அழுத்தாதே" என்றாரே, அதுதான் பாடம். அதற்கு முன்னால் எனக்கு அந்தக் கையைத் தந்தது இந்தக் கல்லூரி. வார்டில் விடிய விடிய நின்று, வாதம் வந்தவரின் கையைப் பிடித்துப் பிடித்துக் கற்றது. அந்த அஸ்திவாரம் இல்லாமல் மேல்மாடி கட்ட முடியாது.

இன்னொன்று, வீடு. இரண்டரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எங்கள் வீட்டில் இல்லை. குழந்தைகளை மற்றவர் தூங்க வைத்தார், நான் படித்தேன். பட்டத்தில் பாதி அவருடையது. சம்பளம்? ஒரு டாலர்கூட ஏறவில்லை. லைசென்ஸ் அதே லைசென்ஸ். சட்டப்படி முந்தின நாள் செய்ய முடியாத எதையும் மறுநாள் செய்ய முடியவில்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா என்று கேட்கிறீர்கள். நோயாளியிடம் நான் முதலில் சொல்வது, "நான் பிசிகல் தெரபிஸ்ட்" என்பதைத்தான். அவர் குழம்பினால் நஷ்டம் அவருக்கு.

மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. அமெரிக்கா போக நினைப்பவர்கள், அங்கே நம் பட்டத்தை இப்போது டி.பி.டி. படிப்போடு ஒப்பிட்டுத்தான் எடை போடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குறையை நிரப்ப இந்தப் படிப்பில் சேர்கிறவர்கள் உண்டு. சேருமுன், அது உங்கள் குறைக்குப் பொருந்துகிறதா என்று லைசென்ஸ் கொடுக்கும் மாநிலத்திடம் எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் சொன்னார், சீனியர் சொன்னார் என்று பணம் கட்டாதீர்கள். இந்த சீனியர் சொன்னாலும்தான்.

இரண்டு. எங்கே படித்தாலும், முதலில் சில வருஷம் நோயாளியைப் பாருங்கள். மனதில் ஒரு முகம் இல்லாதவனுக்கு அந்தப் பட்டியல் வெறும் பட்டியல். ஆனால் என்னைப் போல ஒரு முகத்தை இழந்துவிட்டுக் கற்க வேண்டாம். முதுகுவலி என்று யார் வந்தாலும் அந்த நான்கைந்து கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு கை வையுங்கள். இதற்குப் பட்டம் வேண்டாம். நாளைக்கே தொடங்கலாம்.

மூன்று. இது சங்கத்துக்கு. சிட்னியிலிருந்து 1999 முதல் 'பெட்ரோ' என்ற பெயரில் பிசியோதெரபி ஆய்வுகளைத் திரட்டி, தரத்துக்கு மதிப்பெண் போட்டு, இலவசமாகத் தருகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு நோயாளி, ஒரு கேள்வி. நம் கல்லூரி ஹாலில் மாணவர்களும், வெளியூரில் இருக்கும் நாங்கள் கம்ப்யூட்டர் வழியாகவும் உட்கார்ந்து, "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் விதி. முதல் மாதம் நான் வருகிறேன். அந்த லாரி டிரைவர் கேஸையே கொண்டு வருகிறேன்.